கூகுள் டேக்அவுட்: உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடிகிறதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போனால் தொழிலாளர் லயம், பேர் கூப்பிடும் பிரட்டுக்களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எல்லாம் சீக்கிரமே தரைமட்டமாகிவிடும். கோயிலுக்கு மாற்று நிலம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அங்கே சனம் வாழ்ந்ததற்கு மிஞ்சுவது படங்கள்தான். அந்தப் படங்களும் இப்போது பீரோவுக்குள் இல்லை. கோயில் செயலாளர் பெயரில் திறந்த ஜிமெயில் கணக்கு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களின் முகநூல் குழு, திருவிழா சமயத்தில் மட்டும் உயிர்பெறும் புலன (வாட்ஸ்அப்) குழு என்று ஆளுக்கொரு இடத்தில் கிடக்கின்றன. இதில் கூகுள் பக்கம் இருப்பதை மொத்தமாக வெளியே கொண்டுவரும் இலவசச் சேவைதான் டேக்அவுட். அதோடு ஒப்பிட்டுப் பார்க்க முகநூல், புலனம், பலரும் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆகியவற்றின் வெளிவாசல்களையும் இங்கே பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தனியாள் ஒருவர் தன் கணக்கில் போட்டதை எடுக்க டேக்அவுட் நல்ல சேவை. இலவசமாகக் கிடைப்பவற்றில் இதைவிட விரிவானது இல்லை என்றே சொல்லலாம். பத்துப் பேர் சேர்ந்து போட்டதை எடுக்க அது லாயக்கில்லை. தோட்டப்புறத்தில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது வகை என்பதுதான் சிக்கல்.

டேக்அவுட் 2011 ஜூன் 28 அன்று வெளிவந்தது. ‘டேட்டா லிபரேஷன் ஃப்ரண்ட்’ என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு 2007 முதல் கூகுளுக்குள் வேலை செய்த ஒரு பொறியாளர் குழுவின் கைவேலை அது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஃப்ரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளம் தன் பயனர்களின் படங்கள், மடல்கள், வலைப்பதிவுகள் எல்லாவற்றையும் அழிக்கப் போவதாக, மே 31ஐக் கெடுவாக வைத்து, அறிவித்தது. அப்போது அந்தத் தளம் மலேசிய நிறுவனமான எம்ஓஎல் குளோபல் கையில் இருந்தது. 2009 டிசம்பரில் வாங்கியிருந்தார்கள். படங்களை எடுத்துக்கொள்ள ஒரு கருவியும் கொடுத்தார்கள்தான். ஆனால் பழைய மின்னஞ்சல் முகவரியை மறந்துபோனவருக்கு அறிவிப்பு எப்படிப் போய்ச் சேரும்? நம் ஊரில் இன்றைக்கு நாற்பதைத் தொடும் வயதுக்காரர்களின் பள்ளிக்கால, கல்லூரிக்காலப் படங்கள் பல அந்தக் கெடுவோடு போனவைதான்.

இனி உரிமை விஷயம். கூகுளின் சேவை நிபந்தனைகளிலும் சரி, முகநூலின் நிபந்தனைகளிலும் சரி, நீங்கள் போட்டது உங்களுக்கே சொந்தம் என்றுதான் எழுதியிருக்கிறது. கூடவே, அதைச் சேமிக்க, நகலெடுக்க, மற்றவர்களுக்குக் காட்ட உலகம் முழுவதும் செல்லுபடியாகும் இலவச உரிமத்தையும் நீங்கள் அவர்களுக்குத் தருகிறீர்கள். நீங்கள் பொருளை எடுத்துவிட்டால் உரிமமும் முடியும். ஆனால் அதற்குள் வேறொருவர் பகிர்ந்துவிட்டால் அந்தப் பிரதி அங்கேயே நிற்கும். ஆக, சொந்தம் யாருக்கு என்ற கேள்வியில் பெரிய தகராறு எதுவும் இல்லை. எடுத்துக்கொண்டு போக முடிகிறதா, எடுத்தது பயன்படும் நிலையில் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கணினியில் கணக்குக்குள் நுழைந்து டேக்அவுட் பக்கத்தைத் திறந்தால் நீளமான பட்டியல் வரும். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். முதல் வேலையாக மேலே உள்ள ‘டீசெலெக்ட் ஆல்’ அழுத்திவிட்டு, வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த பக்கத்துக்குப் போகிறவருக்கு யூடியூப் பார்த்த வரலாறு முதல் விளம்பரத் தடம் வரை எல்லாம் வந்து சேரும். வேண்டிய படம் அதற்குள் எங்கேயோ இருக்கும். ஃபோட்டோஸ் வரிசையில் ‘ஆல் ஃபோட்டோ ஆல்பம்ஸ் இன்க்ளூடட்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஆண்டுவாரியாகவும் ஆல்பம்வாரியாகவும் பிரித்துக் காட்டும். முதல் முறை ஒரே ஓர் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். என்ன வருகிறது, எப்படி வருகிறது என்று தெரிந்த பிறகு மீதியை எடுக்கலாம்.

அடுத்த பக்கத்தில் நான்கு தேர்வுகள். எங்கே அனுப்புவது: மின்னஞ்சலில் இணைப்பாக (லிங்க்), அல்லது டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், பாக்ஸ். இதில் டிரைவைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் விழும் குழி. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜிபி. இடம் நிறைந்துவிட்டது என்பதால்தான் பாதிப் பேர் டேக்அவுட் பக்கமே வருகிறார்கள். எடுத்த கோப்பையும் அதே டிரைவில் வைக்கச் சொன்னால் இடம் போதாது. மின்னஞ்சல் இணைப்பையே தேர்ந்தெடுங்கள். அடுத்து, ஒரு முறையா அல்லது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஓராண்டுக்கா. கோயில், பள்ளிக் கணக்குகளுக்கு இரண்டாவது நல்லது. ஆறு முறை தானாகவே தயாராகும். மூன்றாவது, கோப்பு வகை: ஜிப் போதும்.

நான்காவது, துண்டின் அளவு: 1, 2, 4, 10, 50 ஜிபி. இதுதான் தோட்டப்புறத்தில் முக்கியமான முடிவு. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் நொடிக்கு 10 மெகாபிட் வேகம் சீராகக் கிடைத்தால்கூட 50 ஜிபி இறங்க பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்தாவது மணி நேரத்தில் மழை அடித்து இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். 2 ஜிபி துண்டு அதே வேகத்தில் அரை மணிக்குள் முடியும். போனாலும் அரை மணி நேர வேலைதான் போகும். 40 ஜிபி படம் இருந்தால் இருபது துண்டு வரும், ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும், சலிப்பான வேலை, ஆனால் அதுதான் நடக்கிற காரியம். இன்னொன்று: பழைய பென்டிரைவ்கள் ஃபேட்32 வடிவத்தில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. இடம் காலியாக இருந்தும் ‘கோப்பு பெரிது’ என்று மறுத்தால் காரணம் இதுதான். எக்ஸ்ஃபேட்டாக மாற்றி வடிவமைத்தால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் வேறிடத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.

விண்ணப்பித்த பிறகு கோப்பு தயாராகச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். தயாரானதும் மின்னஞ்சல் வரும். அதிலிருந்து ஏறக்குறைய ஏழு நாள்தான் அந்த லிங்க் உயிரோடு இருக்கும். ஒரு கோப்பை ஐந்து தடவைக்கு மேல் இறக்க முடியாது. அறுந்துபோன முயற்சியும் இந்தக் கணக்கில் சேரலாம் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். வெள்ளிக்கிழமை விண்ணப்பித்து வார இறுதியில் உட்கார்ந்து இறக்குவது வசதி. வீட்டு இணைப்பு சரியில்லை என்றால், முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட நாடி மையங்களில் கணினியும் இணைப்பும் உண்டு. சொந்த ஹார்ட்டிஸ்க் எடுத்துப் போக வேண்டும். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறினால் மட்டும் போதாது. அந்தக் கணினியின் ‘டவுன்லோட்ஸ்’ அடைவில் இருக்கும் ஜிப்பையும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு வாருங்கள். அதற்குள் உங்கள் மொத்தக் குடும்பமும் இருக்கிறது.

ஜிப்பைப் பிரிக்கும்போது எல்லாத் துண்டுகளையும் ஒரே அடைவுக்குள், ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும்படி பிரிக்க வேண்டும். அந்த அடைவின் பெயர் குட்டையாக, டிஸ்க்கின் முதல் மட்டத்திலேயே இருக்கட்டும். விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பிரித்தல் பாதியில் நிற்கும்; ‘மாசி மகத் திருவிழா தேர் ஊர்வலம் படங்கள்’ மாதிரி நீளமான ஆல்பம் பெயர் இருந்தால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும்.

இனிதான் டேக்அவுட்டின் பெரிய தொல்லை. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசன் என்ற வகையில் ஒரு சிறு குறிப்புக் கோப்பு இருக்கும். படம் எடுத்த நேரம், இடம், நீங்கள் எழுதிய விளக்கம் எல்லாம் அதில்தான். கேமராவில் எடுத்த மூலப் படமாக இருந்தால் தேதி படத்துக்குள்ளேயே, எக்சிஃப் என்ற பகுதியில், இருக்கும். ஜேசன் தொலைந்தாலும் பெரிய நட்டம் இல்லை. ஆனால் நம் தொகுப்புகளில் பாதி அப்படிப்பட்டவை அல்ல. புலனத்தில் வந்த படங்களில் எக்சிஃப் உரித்தெடுக்கப்பட்டிருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து போட்டிருந்தால் படத்துக்குள் இருப்பது ஸ்கேன் செய்த நாள்தான். யாரோ பொறுமையாக உட்கார்ந்து ‘இது 1974, பால் ஸ்டோர் முன்னால், இடமிருந்து மூன்றாவது நிற்பவர் தண்டல்’ என்று ஃபோட்டோஸில் தேதியும் விளக்கமும் சேர்த்திருப்பார். அந்த உழைப்பு முழுக்க ஜேசனில் மட்டுமே இருக்கும். ‘எதற்கு இந்தக் குப்பை’ என்று ஜேசன்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிப்பவர்கள் படத்தை வைத்துக்கொண்டு வரலாற்றை எறிகிறார்கள்.

அந்த ஜேசன் படத்தோடு ஒழுங்காகச் சேர்ந்து வருவதும் இல்லை. வீடு மாற்றும்போது சாமான் ஒரு லாரியிலும், எது எந்த அறைக்கு என்று எழுதிய சீட்டு இன்னொரு லாரியிலும் போவது போல, படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் வேறொரு ஜிப்பிலும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே அடைவில் பிரிக்கச் சொன்னது இதனால்தான். பெயரும் குழப்பும். படத்தின் பெயர் நீளமாக இருந்தால் ஜேசனின் பெயர் நடுவில் வெட்டுப்படும். ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் அடைப்புக்குறிக்குள் வரும் 1 என்ற எண் படத்தின் பெயரில் ஓரிடத்திலும் ஜேசனின் பெயரில் வேறோர் இடத்திலும் நிற்கும். நீங்கள் திருத்திய படம் ‘எடிட்டட்’ என்ற வாலோடு தனியாக வரும். அதற்கென்று தனி ஜேசன் இராது. 2024க்குப் பிறகு எடுத்தவற்றில் ஜேசன் பெயருக்கு நடுவே ‘சப்ளிமென்டல் மெட்டாடேட்டா’ என்ற நீண்ட ஒட்டும் சேர்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஜேசனைப் படத்தோடு சேர்க்கப் பழைய இணையக் குறிப்புகளில் உள்ள கட்டளையை அப்படியே போட்டால் வேலை செய்யாததற்கு இதுவே முதல் காரணம்.

நேரமும் பாருங்கள். ஜேசனில் உள்ள நேரம் உலகப் பொது நேரம், நம்மைவிட எட்டு மணி நேரம் பின்னால். 2024 ஜனவரி 25 தைப்பூசத்தன்று காலை ஆறு மணிக்கு எடுத்த பால்குடப் படம் ஜனவரி 24 இரவு பத்து மணி என்று பதிவாகியிருக்கும். சேர்க்கும் கருவியில் நேர வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் காலைப் பூஜைப் படங்கள் எல்லாம் முந்தின நாள் அடைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த நேரம் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக எழுதப்படுகிறது. அதற்கு முந்திய தேதி கொடுத்த படங்களுக்கு எண் மைனசில் வரும். சில கருவிகள் அங்கே இடறி, படத்தை 1970இல் தள்ளிவிடும். ஐம்பதுகளின், அறுபதுகளின் படங்களைத் தனியே ஒதுக்கி, சில பத்து என்றால் கையாலேயே தேதி போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

சேர்ப்பதற்கு எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவி உண்டு. கட்டளை எழுதப் பழகியவருக்கு அதற்கு மேல் வேண்டாம். பழகாதவருக்கு ‘கூகுள் ஃபோட்டோஸ் டேக்அவுட் ஹெல்பர்’ என்ற தனியார் முயற்சி இருக்கிறது. ஆண்டு அடைவிலும் ஆல்பம் அடைவிலும் இரட்டையாக வரும் படத்தையும் அது கவனித்துக்கொள்ளும். எதைப் பயன்படுத்தினாலும் மூல ஜிப்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பிரதியின்மேல் வேலை செய்யுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஜிமெயில் எம்பாக்ஸ் வடிவில் வருகிறது. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில் ஒரு நீட்சியைச் சேர்த்துத் திறக்கலாம், லேபிள் வாரியாக எடுக்கலாம். தொடர்பு எண்கள், நாட்காட்டி இரண்டும் எங்கும் செல்லுபடியாகும் வடிவத்தில் வரும். கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் கோப்புகள் வேர்டு, எக்செலாக மாறி வரும். கோயில் வரவு செலவுக் கணக்குக்கு அது போதும். மேப்ஸ் டைம்லைன் மட்டும் டேக்அவுட்டில் தேடாதீர்கள். 2024 முதல் அது கைப்பேசிக்குள் குடிபோய்விட்டது, ஆண்ட்ராய்டின் இருப்பிட அமைப்புகளுக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும்.

வராதது என்ன என்பதுதான் நமக்கு முக்கியம். டிரைவில் ‘ஷேர்ட் வித் மீ’ பகுதியில் இருக்கும் கோப்புகள் உங்களுடையவை அல்ல, வராது. பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை முன்னாள் செயலாளர் தன் சொந்தக் கணக்கில் உருவாக்கி எல்லோருக்கும் பகிர்ந்திருந்தால், இருபது பேர் அதில் எழுதியிருந்தாலும் உரிமையாளர் அவர் ஒருவரே. அவர் டேக்அவுட் போட்டால் வரும், மற்ற யார் போட்டாலும் வராது. வழி இருக்கிறது: ஒன்று, பட்டியலைத் திறந்து ‘மேக் எ காப்பி’ எடுத்துக்கொள்வது, இரண்டு, பகிர்வு அமைப்பில் போய் உரிமையையே புதிய செயலாளருக்கு மாற்றச் சொல்வது, அவர் ஏற்றுக்கொண்டால்தான் மாறும். இரண்டாவதை ஆள் பதவியில் இருக்கும்போதே செய்ய வேண்டும். மனக்கசப்பில் விலகின பிறகு கேட்டால் கிடைக்காது, நம் சங்கங்களில் விலகல் எப்படி நடக்கும் என்பது தெரிந்ததுதானே.

முகநூல் பக்கம் வாருங்கள். அமைப்புகளில் ‘அக்கவுண்ட்ஸ் சென்டர்’, அதற்குள் உங்கள் தகவல்கள், அதற்குள் ஏற்றுமதி. இங்கே மூன்று இடத்தில் கவனம் வேண்டும். தேதி வரம்பைப் பார்க்காமல் விட்டால் சமீபத்திய ஓராண்டு மட்டும் வந்து ‘பழைய படமெல்லாம் போச்சே’ என்று பதற வைக்கும். ‘ஆல் டைம்’ என்று மாற்றுங்கள். படத் தரத்தை உயர்வுக்கு மாற்றுங்கள். மூன்றாவது, தமிழர்களுக்கு முக்கியமானது: வடிவத்தை எச்டிஎம்எல் என்றே தேர்ந்தெடுங்கள். ஜேசனைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்து சிதைந்து வரும். ஒரு தமிழ் எழுத்துக் குறியீடு யூடிஎஃப்8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட் இடம் எடுக்கும். முகநூலின் ஜேசன் அந்த மூன்றையும் மூன்று தனித்தனி லத்தீன் எழுத்தாக எழுதிவைக்கிறது. ‘அம்மா’ என்ற மூன்றெழுத்தில், ஒற்றின் புள்ளியையும் துணைக்காலையும் தனியே எண்ணினால் ஐந்து குறியீடு; அதனால் அது பதினைந்து உருப்படாத குறிகளாகத் தெரியும். எழுத்து அழியவில்லை. பைத்தான் நிரல்மொழியில் அந்தச் சரத்தை லத்தீன்1 ஆக மாற்றி மறுபடி யூடிஎஃப்8 ஆகப் படித்தால் தமிழ் திரும்பிவிடும். அது தெரியாமல் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். தயாரான கோப்பு சில நாள்தான் இருக்கும் என்பதால் அறிவிப்பு வந்த அன்றே இறக்குங்கள்.

முகநூல் குழுவில் டேக்அவுட்டில் சொன்ன அதே குறை இன்னும் மோசமாக இருக்கிறது. ஏற்றுமதியில் நீங்கள் குழுவில் போட்ட பதிவும் நீங்கள் எழுதிய பின்னூட்டமும் வரும். அந்தப் படத்தின் கீழ் ‘அது எங்கள் தாத்தா, மூன்றாம் நம்பர் லயம்’ என்று வேறொருவர் எழுதியது வராது. குழு நிர்வாகிக்கும் குழுவை மொத்தமாக இறக்கும் வசதி கிடையாது. மதிப்புள்ள உரையாடல் நடந்த பதிவுகளைத் தனியே திறந்து, எல்லாப் பின்னூட்டத்தையும் விரித்து, உலாவியின் அச்சு வழியே பிடிஎஃப் ஆக்குவதுதான் இப்போதைக்கு வழி. நேரலைக்கு இன்னும் அவசரம்: 2025 பிப்ரவரி 19 முதல் முகநூல் நேரலைக் காணொளிகள் 30 நாள்தான் நிற்கும். கும்பாபிஷேகத்தை நேரலையாகப் போட்டுவிட்டு ‘அதான் ஃபேஸ்புக்கில் இருக்கே’ என்று விட்டால் மண்டலாபிஷேகம் முடிவதற்குள் காணொளி போய்விடும். அன்றிரவே இறக்கி, வட்டில் போட்டுவிடுங்கள்.

புலனத்தில் குழுவைத் திறந்து மூன்று புள்ளி, ‘மோர்’, ‘எக்ஸ்போர்ட் சாட்’. படங்களோடு என்றால் கடைசி 10,000 செய்தி, படமில்லாமல் என்றால் 40,000. சாதாரண எழுத்துக் கோப்பாக வரும். திரும்பப் புலனத்துக்குள் ஏற்ற முடியாது. பெயர்கள் உங்கள் கைப்பேசியில் நீங்கள் சேமித்தபடியே வரும், ‘மீன்கடை அண்ணன்’ என்று வைத்திருந்தால் கோப்பிலும் அதுவே. குழுவில் ‘அட்வான்ஸ்ட் சாட் பிரைவசி’யை யாராவது இயக்கியிருந்தால் ஏற்றுமதியே தடைபடும். வெகுகாலம் ஓடும் திருவிழாக் குழுக்களில் தைப்பூசம் முடிந்த கையோடு ஆண்டுக்கு ஒரு முறை எடுத்தால் வரம்புக்குள் அடங்கும்.

கூட்டாகப் போட்டதைக் கூட்டாகவே எடுக்க விடும் சேவை ஒன்று இருக்கிறது: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். கூகுள் மேப்ஸில் நீங்கள் கோயிலுக்கு எழுதிய விமர்சனத்தையும் நட்சத்திரத்தையும் டேக்அவுட் திருப்பித் தரும். ஆனால் ஊரே சேர்ந்து திருத்திய வரைபடத்தை யாருக்கும் தராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 2012 செப்டம்பர் 12 முதல் மொத்தத் தரவும் ஓடிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், புருணை சேர்ந்த பகுதியை ஜியோஃபேப்ரிக் தளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கலாம், கணக்கே வேண்டாம். இதே தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால், இணைப்பு இல்லாத செம்பனைக் காட்டுக்குள்ளும் பார்க்கலாம். தளம் நாளைக்கே மூடினாலும் தரவு ஊர் கையில் இருக்கும்.

சேர்ப்பதும் கடினமில்லை. கணக்குத் திறந்து, ‘எடிட்’ அழுத்தி, வான்படத்தில் கோயில் இருக்கும் இடத்தில் புள்ளி வைத்து, வழிபாட்டிடம், மதம் இந்து என்று குறிக்க வேண்டும். பெயர் என்ற புலத்தில் பலகையில் உள்ளதை எழுதி, பன்மொழிப் பெயரில் தமிழைச் சேர்த்துத் தமிழ்ப் பெயரையும் கொடுங்கள். தோட்டத்து மண்சாலையைச் சாதாரணச் சாலையாகப் போடாதீர்கள். ‘டிராக்’ என்று குறித்து, கம்பெனி கேட் இருந்தால் அனுமதி ‘பிரைவேட்’ என்றும் போடுங்கள், இல்லையென்றால் வழிகாட்டிச் செயலி வெளியூர் காரைச் சேற்றுக்குள் அனுப்பிவிடும். கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பெயரை நகலெடுக்கக் கூடாது. அது பதிப்புரிமை மீறல், கண்டுபிடித்தால் உங்கள் திருத்தம் மொத்தமும் நீக்கப்படும். ஒரு குறை உண்டு: உங்கள் பயனர்ப் பெயரும் திருத்திய நேரமும் வரலாற்றில் நிரந்தரமாக நிற்கும். சொந்தப் பெயரில் கணக்குத் திறக்காதீர்கள்.

சட்டம் எந்த அளவுக்கு உதவும்? மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 709ஆவது சட்டம், 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. 30ஆவது பிரிவின்படி உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலை நீங்கள் எழுத்துமூலம் கேட்கலாம். நிறுவனம் 21 நாளுக்குள் இணங்க வேண்டும், காரணம் சொல்லி 14 நாள் நீட்டிக்கலாம். நகலோடு கேட்டால் கட்டணம் 10 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது; மருத்துவத் தகவல் போன்ற நுண்ணிய தரவு என்றால் 30 வெள்ளி. ஊரில் இருக்கும் தனியார் கிளினிக், டியூஷன் மையம், பேரங்காடி உறுப்பினர் அட்டை ஆகியவற்றுக்கு இது நேரடியாகச் செல்லும். 2024 திருத்தம் 43ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2025 ஜூன் 1 முதல், உங்கள் தரவை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பச் சொல்லலாம். ‘தொழில்நுட்ப ரீதியில் முடிந்தால், வடிவம் பொருந்தினால்’ என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுக்க நினைப்பவருக்கு அதுவே வாசல்.

ஓட்டைகளும் பெரியவை. மத்திய, மாநில அரசுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அரசு மருத்துவமனையிடம் இதைக் காட்ட முடியாது. வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தரவுக்குத்தான் பொருந்தும் என்பதால் கோயில் குழுவுக்கும் முன்னாள் மாணவர் குழுவுக்கும் இதை நீட்டுவது கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டம் பேசுவது தனிநபரின் தரவைப் பற்றி. நாற்பது பேர் சேர்ந்து அடையாளம் சொன்ன ஒரு லயத்துப் படத்துக்கு அந்த நாற்பது பேருக்கும் சேர்த்து ஓர் உரிமையை அது தரவில்லை.

அதனால் கணக்கை யார் பெயரில் திறக்கிறோம் என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. கோயிலுக்கென்று தனி ஜிமெயில் திறந்து, படங்களும் பட்டியல்களும் அதிலிருந்தே உருவாகட்டும். அப்போது ஒரே டேக்அவுட்டில் எல்லாம் வரும். இரண்டு ஆண்டு யாரும் நுழையாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம், 2023 டிசம்பர் முதல் அழித்தும் வருகிறது. திருவிழாவுக்கு ஒரு முறையாவது உள்ளே நுழையுங்கள். ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ அமைப்பில் பத்துப் பேர் வரை சேர்த்து, கணக்கு தூங்கிப்போனால் தரவு அவர்களுக்குப் போகும்படி வைக்கலாம். தலைவர், பொருளாளர், வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவர் என்று மூவரையாவது போடுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வங்கிப் புத்தகம் கைமாறும்போது கடவுச்சொல் மட்டும் மாறினால் போதாது. மீட்பு எண் பழைய செயலாளரின் கைப்பேசியாகவே இருந்தால் சரிபார்ப்புக் குறியீடு அவருக்குத்தான் போகும். அதை மாற்றியதும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அமைப்பில் கிடைக்கும் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு நிர்வாகக் கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். புதிதாகப் பத்து எடுத்தால் பழைய தாள் செல்லாது, அதைக் கிழித்துவிடுங்கள்.